குஜிலியம்பாறைக்கு மூன்று லைட்

பையில் உடுப்பு கொஞ்சம்தான். மிச்ச இடத்தை மூன்று லைட்டும் ஒரு டப்பா பேட்டரியும் ஒரு பொட்டலம் ரப்பர் ரிங்கும் பிடித்துக்கொண்டன. மாலத்தீவிலிருந்து வருகிறவன் சென்ட் பாட்டில் கொண்டுவருவான் என்று எதிர்பார்த்த ஏர்போர்ட் அதிகாரி, லைட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது, டார்ச் லைட்டா?"

"ஆமா சார். தண்ணிக்குள்ள எரியிறது."

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"திண்டுக்கல் பக்கம். குஜிலியம்பாறை."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அங்க ஏது சார் தண்ணி?"

நியாயமான கேள்விதான். வானம் பார்த்த பூமி. மழை வந்தால் சோளம், கடலை. வராவிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீர் இருக்கிற இடமெல்லாம் ஆழமான இடம். கிணறு என்றால் அறுபதடி, எண்பதடி. கைவிட்ட கல்குவாரியில் மழைத்தண்ணீர் தேங்கினால் அதற்கு ஆழமே சொல்ல முடியாது. அப்படி ஒரு குவாரியில்தான் போன வருஷம் பால்பாண்டி செத்துப்போனான்.

அவனுக்குத் தண்ணீருக்குள் இறங்கக் கற்றுக்கொடுத்தவன் நான். செத்த அன்று அவன் நெஞ்சுப் பட்டையில் மாட்டியிருந்த, பெரிய லைட் அணைந்தால் கைகொடுக்க வேண்டிய இரண்டு பேக்கப் லைட்டும் நான் தேர்ந்தெடுத்து அனுப்பியவை. இரண்டும் எரியவில்லை. இந்த ஒரு வருஷத்தில் இதை நினைக்காமல் நான் ஒருநாளும் கடலில் இறங்கியதில்லை.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. பதினாலு வருஷமாக மாலத்தீவில் வெளிநாட்டுக்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவருகிற வேலை. பாண்டி அங்கே சிலிண்டரில் காற்று அடைக்கிற எங்கள் கம்ப்ரசருக்கு மெக்கானிக்காக வந்தான். முதல் மாதம் கடலைப் பார்த்தாலே கும்பிடு போடுவான். மூன்று வருஷம் கழித்து ஊருக்குக் கிளம்பும்போது என்னைவிட நிதானமாக மூழ்குவான். ஊரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்தான். கிணற்றிலோ குவாரியிலோ யாராவது விழுந்தால் அவனுக்குத்தான் முதல் போன் போகும். பெற்றவர்கள் கரையில் உட்கார்ந்து மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதைப் பார்க்க முடியவில்லை அண்ணே என்பான்.

இப்போது தலைத்திவசம், வருஷம் திரும்பப் பத்து நாள் இருக்கும்போதே கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். அவன் பெண்டாட்டி மகேஸ்வரி போன் பண்ணினாள். "வாங்கண்ணே. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். போன்ல கேக்க முடியாது."

அவள் கேட்கப்போவது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். 'நீங்க குடுத்த லைட்டு ஏன் எரியல?' அதற்குப் பதில் தேடிக்கொண்டே வந்தேன். கிடைக்கவில்லை.

திண்டுக்கல்லில் இறங்கினேன். பாண்டி மூன்று வருஷமும் இந்த ஊர்ப் பிரியாணியைப் பற்றிப் பேசியே எங்களைச் சாகடிப்பான். தீவில் தினமும் சூரை மீன். காலையில் சூரை, மதியம் சூரை. அவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "சீரகச் சம்பால, பொடிசா வெட்டுன கறில, ஒரு நாளைக்கு உங்களக் கூட்டிட்டுப் போறேன்" என்பான். தனியாகப் போய்ச் சாப்பிட்டேன். எதிரே உட்கார்ந்த பெரியவர் என் இலையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இம்புட்டு மிச்சம் வைக்கிற, ருசியா இல்லயா?" என்றார். ருசிதான் ஐயா என்றேன். உண்மையிலேயே ருசி. அதனால்தான் இறங்கவில்லை.

எரியோடு தாண்டியதும் பஸ் அடியில் ஏதோ இழுபடுகிற சத்தம். டிரைவர் ஓரங்கட்டிவிட்டு கீழே படுத்துப் பார்த்தார். நல்ல வெயில், ஆனால் பஸ்ஸுக்கு அடியில் கும்மிருட்டு. கண்டக்டரின் செல்போன் வெளிச்சம் பத்தவில்லை. நான் பையிலிருந்து ஒரு லைட்டை எடுத்துக் கொடுத்தேன்.

கண்டக்டர் அதை உருட்டி உருட்டிப் பார்த்தார். "அண்ணே, சுவிட்சே இல்லயே?"

"தலையைத் திருகுங்க."

"சுவிட்ச் இல்லாம ஒரு லைட்டா!"

எனக்கு வாய் நீளம். சாமான் பற்றிக் கேட்டால் விடமாட்டேன். சுவிட்ச் என்றால் ஒரு ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீருக்கு ஒரு வாசல், அதனால் ஆபத்துக்கென்று வைத்திருக்கும் லைட்டில் வாசல் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று ரோட்டில் நின்று பாடம் எடுத்தேன். தலையில் ஒன்றும் உடம்பில் ஒன்றுமாக நான் நெயில் பாலிஷால் போட்டிருந்த சிவப்புக் கோடுகளைக் காட்டினேன். திருகி முறுக்கும்போது இரண்டு கோடும் நேருக்கு நேர் வந்தால் லைட் எரிகிறது. விலகியிருந்தால் அணைந்திருக்கிறது. இருட்டில் பதறுகிறவனுக்கு இதைவிட எளிமையாக ஒன்றும் இருக்க முடியாது.

டிரைவர் ஒரு கம்பியை உருவி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பூக்கூடை வைத்திருந்த அம்மா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, தண்ணிக்குள்ள லைட்டு எதுக்கு? அங்க யாரு இருக்கா?"

லைட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பாண்டியின் வீடு ஊர்க் கடைசியில். முன்பக்கம் மோட்டார் கடை, பின்பக்கம் குடும்பம். மகேஸ்வரி மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். பாண்டி இருக்கும்போதே கம்பி சுற்றுகிறது அவள் வேலைதான். இப்போது பாண்டியின் தம்பி சரவணனும் அவளும் சேர்ந்து கடையை நடத்துகிறார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணே" என்று சொல்லி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். முகத்தில் அழுகை இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

சோறு போட்டாள். வெஞ்சனம் முருங்கைக்கீரைப் பொரியல். சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகுதான், அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். போலீஸ் ஸ்டேஷனில் இருந்து சாமான்களைத் திருப்பித் தந்தது போன மாதம்தானாம்.

உள்ளே இரண்டு லைட். பேட்டரி ஒழுகி, திருகு மரை இறுகிப்போய்க் கிடந்தன.

"அண்ணே, எனக்கு ஒண்ணு தெரியணும். அவரு லைட்ட போட்டாரா, போடலயா?"

எனக்குப் புரியவில்லை.

சரவணன் சொன்னான். ஒரு பொண்ணு குவாரியில் துணி துவைக்கப் போய் வழுக்கி விழுந்துவிட்டாள். அவளைத் தேடித்தான் பாண்டி போனான். பாறைக்கு அடியில் குடைவு மாதிரி ஒரு இடம், அதற்குள் கிடந்த பழைய இரும்புக் கயிற்றில் சிக்கிக்கொண்டான். பெரிய லைட்டில் முந்தின வாரம் தேடப்போனதிலேயே பாதிச் சார்ஜ் போய்விட்டது, அன்று அது பாதியில் அணைந்திருக்கிறது. பிறகு அவனை எடுத்தபோது பேக்கப் லைட் இரண்டும் எரியாமல் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தன.

"ரெண்டு லைட்டு மாட்டியிருந்தும் பயத்துல போடக்கூட தோணல பாருன்னு ஊர்ல பேசுறாங்கண்ணே. அந்தப் பொண்ணு வீட்டுல கூட. எம் பிள்ளையையும் எடுக்கல, தானும் பதறிச் செத்தான்னு."

மகேஸ்வரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வருசமா இதக் கேட்டுக்கிட்டுத்தான் கடைய நடத்துறேன்."

நான் டப்பாவை வாசலுக்குக் கொண்டுபோனேன். எச்சில் தொட்டு அழுக்கைத் துடைத்தேன். மங்கித்தான் இருந்தது, ஆனால் தெரிந்தது. அனுப்பும்போது நான் போட்ட சிவப்புக் கோடு. தலையில் ஒன்று, உடம்பில் ஒன்று. நேருக்கு நேர். அடுத்ததையும் துடைத்தேன். அதிலும் நேருக்கு நேர்.

"போட்டிருக்கான்மா," என்றேன். "ரெண்டையும் போட்டிருக்கான். பாரு, கோடு ரெண்டும் சேந்திருக்கு. மாட்டுறப்போ விலக்கித்தான் மாட்டணும். இது கடைசிவரைக்கும் திருகியிருக்கு. முதல்ல ஒண்ணு, அது எரியலன்ன உடனே அடுத்தது. பதறுனவன் இப்படிச் செய்ய மாட்டான்."

அவள் லைட்டை வாங்கிக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். அப்போதுதான் அழுதாள். சரவணன் வெளியே போய்விட்டான். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி அடுத்ததைக் கேட்டாள்.

"அப்ப ஏன் எரியல?"

மறுநாள் அந்த இரண்டு லைட்டையும் திறந்து பார்க்கச் சரவணனும் நானும் அவன் வண்டியில் திண்டுக்கல் போனோம். முப்பது வயசு, அண்ணனைப் போலவே முரட்டுக் கை. அகரம் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தான். "அண்ணே, நானும் இறங்கலாம்னு இருக்கேன். அண்ணன் சாமானெல்லாம் இருக்கு. ஆளு இல்லாம அம்புட்டுப் பேரும் கரையில நின்னு கத்துறாக." அப்போதே தெரிந்தது, அடுத்து இறங்குகிறவனுக்கு இருக்கட்டும் என்று நான் வாங்கிவந்த இந்த மூன்று புது லைட்டும் யார் நெஞ்சில் தொங்கப்போகிறது என்று.

பேகம்பூரில் காதர் பாய் கடை. கடிகாரமும் டார்ச்சும் ரிப்பேர் பார்க்கிறவர். ஒரு ஆள் உட்காரத்தான் இடம். நாங்கள் போனபோது பாங்கு சொல்லிவிட்டார்கள். "தொழுதுட்டு வாரேன், உக்காருங்க" என்று ஒரே ஸ்டூலைக் காட்டிவிட்டுப் போனார். இரண்டு பேரும் மாறி மாறி உட்கார்ந்தோம்.

திரும்பி வந்து லைட்டைக் கையில் வாங்கியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பேட்டரியைப் போட்டு வச்சே சாகடிச்சுருக்கீங்களே! எம்புட்டு நாளு?"

ஒரு வருஷம், போலீஸ் ஸ்டேஷனில் என்றேன். சங்கதியைச் சொன்னேன். அவர் ஒரு கிண்ணத்தில் வினிகர் ஊற்றி, லைட்டின் கழுத்து மூழ்கும்படி நிறுத்தினார். கொஞ்சநேரம் கழித்து சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி ஒரு திருகு. நறநறவென்று தலை கழன்றது. உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போயிருந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது. அது எதிர்பார்த்ததுதான். எந்த வழியாகப் புகுந்தது என்பதுதான் கேள்வி.

கழுத்து வழியாகத் தண்ணீர் புகாமல் தடுக்க ஒரு லைட்டுக்கு இரண்டு ரப்பர் ரிங். ஒன்று விட்டால் இன்னொன்று காக்கும். அதைப் பார்த்துத்தான் இந்த லைட்டையே தேர்ந்தெடுத்தேன். காதர் பாய் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ரிங்கைப் பார்த்தார்.

"ரிங்கு நல்லா இருக்கு. வெட்டில்ல, வெடிப்பில்ல. ஆனா இந்த இடத்துல அமுங்கியிருக்கு. செவப்பா ஏதோ ஒட்டியிருக்கு."

"துரு," என்றான் சரவணன்.

"அலுமினியத்துல ஏதுப்பா செவப்புத் துரு? அது வெள்ளையால்ல பூக்கும்?" ஊசியால் மரையின் பள்ளத்திலிருந்து எதையோ சுரண்டினார். மஞ்சளாக, கெட்டியாக, கடுகளவு. உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். மோந்து பார்த்தார். கையை என் பக்கம் நீட்டினார்.

"சந்தனம் தம்பி. மேல குங்குமம். எங்களுக்குத் தெரியாதா? தர்காவுக்கு வருசா வருசம் சந்தனம் அரைக்கிற வீடு எங்க வீடு."

அடுத்த லைட்டைத் திறந்தார். அதே இடத்தில், அதே மாதிரி.

சரவணன் சுவரில் சாய்ந்துவிட்டான். "ஆயுத பூஜை," என்றான். "அண்ணன் போனது பூஜைக்கு மறுநாள்."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பூஜைக்குக் கடையில் உள்ள ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் கழுவி, பலகையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது மகேஸ்வரிதான். கழற்றிக் கிடக்கிற சாமான் என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகப் பொட்டு. லைட்டைப் பாண்டி எப்போதும் பேட்டரியை எடுத்து, தலை வேறு உடம்பு வேறாகத்தான் வைத்திருப்பான். அவள் இரண்டிலும் வைத்திருக்கிறாள். உடம்பில் வைத்த பொட்டு கழுத்து மரையிலும் ரிங்கின் மேலும் படிந்து காய்ந்திருக்கிறது. பூஜையில் வைத்த பொட்டை அழிக்கக்கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். காலையில் போன் வந்ததும் பாண்டி பேட்டரியைப் போட்டு, அப்படியே திருகி மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறான். தலைமுடி ஒன்று குறுக்கே கிடந்தாலே தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். அறுபதடி ஆழத்தில் இது எம்மாத்திரம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சந்தனத்தைப் பார்த்த நிமிஷம் என் மனசு 'அப்பாடா' என்றது. லைட்டின் மேல் தப்பில்லை, என் மேல் தப்பில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு முழு மூச்சு விட்டேன். அடுத்த நிமிஷம் அவளுடைய விரல் அந்தக் கோட்டின் மேல் இருந்தது ஞாபகம் வந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

"அண்ணே," சரவணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மதினிகிட்ட சொல்லாதீங்க. ரிங்கு பழசுன்னு சொல்லிருங்க. இதச் சொன்னா அது உசுரோட இருக்காது."

நானும் சரி என்றுதான் சொன்னேன்.

காதர் பாய் ரிங்குகளை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நாங்கள் வண்டி எடுக்கும்வரை கடை வாசலிலேயே நின்றார்.

திரும்பும் வழியில் அகரத்தில் சரவணனுக்குத் தெரிந்தவர் தோட்டத்துக் கிணற்றில் புது லைட்டுகளைச் சோதித்தோம். ஒன்று பெரிய லைட், மற்ற இரண்டும் பேக்கப்; இந்தத் தடவை அவை இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒன்றுக்கு வருகிற நோய் இன்னொன்றுக்கு வரக்கூடாது. போன தடவை ஒரே மாதிரி இரண்டு அனுப்பினேன். அது என் புத்தி. சார்ஜ் பேட்டரி வேண்டாம், பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதா பேட்டரி போதும் என்றேன். சார்ஜ் பேட்டரி முழுசாக எரிந்து சட்டென்று செத்துவிடும். சாதா பேட்டரி மெல்ல மெல்ல மங்கும், வெளியேற நேரம் கொடுக்கும். பழசோடு புதுசைக் கலக்காதே, ரிங்கை விரலால் வருடிப் பார், சந்தேகம் வந்தால் மாற்று என்றேன். அவன் கடைப்பழக்கத்தில் மோட்டார் கிரீஸை எடுத்து ரிங்கில் தடவப் போனான். "ஏலே, அதத் தொடாத! ரப்பர் ஊதிப்போகும்" என்று கத்திவிட்டேன்.

முதலில் வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன், வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. வாளியில் தேறினால் போதாது, பிறகு கயிற்றில் கட்டிக் கிணற்றின் அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும். மூன்றும் தேறின. கீழே பச்சைத் தண்ணீருக்குள் மூன்று வெளிச்சம். எங்கள் கடலில் லைட்டைப் போட்டால் மீன்கள் கலர் கலராகத் திரும்பும். இங்கே பாசி படிந்த கல்லும் ஒரு பழைய குடமும்தான் தெரிந்தன.

சரவணன் மேலே இழுத்தெடுத்து, துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு தன்னையறியாமல் சொன்னான்: "இன்னும் ஒன்பது நாள்ல பூஜை. மதினி இதுக்கும்..." பாதியில் நிறுத்திவிட்டான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "ஒளிச்சு வச்சுருவேண்ணே," என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தேடி எடுத்து வைக்கும். எனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு ரெண்டு பொட்டா வைக்கும்," என்றான்.

நான் வந்த மூன்றாம் நாள் திவசம். ஐயர் வந்து போனார். காக்கைக்குச் சோறு வைத்தார்கள், பந்தி முடிந்தது, சொந்தக்காரர்கள் வேப்பமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் கடைக்குள் உட்கார்ந்திருந்தேன். மகேஸ்வரி வந்து எதிரே உட்கார்ந்தாள். சரவணன் கதவோரம் நின்றான்.

"சொல்லுங்கண்ணே."

"ரிங்கு பழசும்மா. அதனால தண்ணி போயிருச்சு."

"குடுங்க பாப்போம்."

காகிதப் பொட்டலத்தை எப்படிக் கொடுத்தேன் என்று தெரியவில்லை. மோட்டார் ரிங் எத்தனை பார்த்திருப்பாள். இரண்டு விரலால் இழுத்து, வளைத்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள்.

"இது பழசா? புதுசு மாதிரி இருக்கு. ஏண்ணே பொய் சொல்றீங்க?"

சரவணன், "மதினி..." என்றான்.

"நீ சும்மா இரு. அண்ணே, நான் உங்கள அவ்வளவு தூரத்துல இருந்து வரச்சொன்னது பொய் கேக்கவா?"

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். சந்தனம், குங்குமம், மரை, இரண்டு லைட்டிலும். சொல்லி முடிக்கும் முன்னால் மீதியையும் சேர்த்துச் சொன்னேன். "பேட்டரிய எடுத்துட்டுத் திறந்து வைன்னு அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆயுத பூஜை கும்பிடுற ஊர்ல பொறந்தவன்தான் நானும். எங்க ஊர்ல படகுக்கே பொட்டு வைப்போம். இத்தன பாடம் எடுத்தேன், மரையில பொட்டு வைக்காதன்னு ஒரு வார்த்தை சொல்லத் தோணல. ரெண்டும் ஒரே மாதிரி வாங்குனதும் நான்தான்."

அவள் ரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ சிரித்தார்கள். அவள் ரிங்கைக் காகிதத்தில் திரும்ப மடித்தாள்.

"வைக்கும்போது மரையில படுதேன்னு பாத்தேன். தொடைக்கத்தான் போனேன். சாமி குத்தம் ஆயிரும்னு விட்டுட்டேன்."

"மதினி, உங்க தப்பு இல்ல," என்றான் சரவணன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"இல்லன்னு சொல்லாதப்பா. நான் என் கையால வச்சது. அவரு நல்லாருக்கணும்னுதான் வச்சேன், ஆனா வச்சது நான்தான். தெரிஞ்சுக்கிட்டேன்ல. இனி நான் பாத்துக்குறேன்." நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். "எனக்குச் செத்த நேரம் குடுங்க."

உள்ளே போய்விட்டாள். சரவணன் பின்னால் போகப் பார்த்தான், நான் பிடித்து நிறுத்தினேன். உள்ளேயிருந்து வந்த சத்தத்தை இங்கே எழுத மாட்டேன்.

வெயில் இறங்க ஆரம்பித்தபோது வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். வேப்பமரத்தடிக்கு நேராகப் போய், உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் நின்றாள்.

"அவரு ரெண்டு லைட்டையும் போட்டிருக்காரு. பதறல. நான் வச்ச பொட்டு மரைக்குள்ள போயித் தண்ணி இறங்கியிருக்கு. அண்ணன் பாத்துச் சொன்னாரு. கேக்குறவங்களுக்கு ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க."

திரும்பி என்னிடம், "நீங்களும் எங்கயாச்சும் சொல்லணும்னா சொல்லுங்கண்ணே. மறைக்க வேண்டாம். லைட்டு வச்சிருக்கிற எல்லா வீட்டுலயும் பொட்டு வைப்பாக," என்றாள். அவள் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

கிளம்புகிற நேரம். புது லைட் மூன்றையும் துணிப்பையோடு சரவணனிடம் கொடுத்தேன். மகேஸ்வரி அதை வாங்கிப் பலகையில் வைத்தாள். உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

இன்னும் கிளம்பாமல் இருந்த ஒரு அத்தை, "ஏத்தா, நீ வைக்கலாமாடி?" என்று இழுத்தார்.

"மதினிதான் வைப்பாக," என்றான் சரவணன்.

அவள் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "எறங்குறேன்னு சொல்றான். வேண்டாம்னா கேக்க மாட்டான், அண்ணன் மாதிரியே. பொட்டு வைக்காம என்னால அனுப்ப முடியாதுண்ணே. எங்க வச்சா தண்ணி போகாது?"

நான் துணிப்பையைக் காட்டினேன்.

பைமேல் மூன்று பொட்டு வைத்தாள், ஒரு லைட்டுக்கு ஒன்று. பிறகு குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். நக இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, துண்டில் துடைத்து, சந்தன வாசம் போய்விட்டதா என்று முகர்ந்து பார்த்தாள். சரவணன் சொன்னபடி ஒவ்வொரு லைட்டாகத் திறந்து ரிங்கை வருடினாள். திருகிச் சிவப்புக் கோடுகளைச் சேர்த்தாள். சாயங்கால வெயிலில் மூன்றும் எரிந்தன. ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, அதற்குள் மூன்றையும் இறக்கிவிட்டுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

பஸ் வந்து ஹாரன் அடித்தது. சரவணன் என் பையைத் தூக்கினான். அவள் தலையைத் தூக்கவில்லை. அந்த பஸ் போனது, நான் போகவில்லை. வாளிக்குள்ளிருந்த வெளிச்சம் அவள் முகத்தில் அலைந்துகொண்டிருந்தது.

"குமிழி வரலண்ணே," என்றாள்.